அச்செழுத்துகளை ஏரியில் எறிந்தோரும் வில்லியம் லயன் மக்கென்சியும்

ரொறன்ரோ மாநகரின் முதலாவது நகரபிதா யார் என வினவினால், எம்மவருள் விடை கூறக்கூடியோர் சிலரேயாவர். குடியுரிமைப் பரீட்சைக்காகக் கனடிய வரலாற்றைப் படித்தோர், 1837ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர் என்ற அளவில் வில்லியம் லயன் மக்கென்சியின் பெயரை அறிந்திருப்பர். அவர் பத்திரிகை நடத்தியமைக்காக அச்சுக்கூடம் உடைக்கப்பட்டவர். மக்கள் தெரிவு செய்தும் சட்டசபையிலிருந்து மீண்டும் மீண்டும் வெளியேற்றப்பட்டவர். தலைக்கு விலை வைக்கப்பட்டு எல்லை கடந்து அகதியானவர். புகலடைந்த நாட்டிலும் சிறையிருந்தவர். இவ்வளவையும் அனுபவித்த ஒருவரின் வாழ்வு எமது வாசகர்களுக்கு அந்நியமான கதையாக இருக்க முடியாது.

அவ்வாழ்வை இங்கு எடுத்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரும்பான்மையோர் அருவருக்கின்ற அரசியற் கருத்தைக் கொண்டவனுக்கும் பேச்சுரிமையின் பாதுகாப்புக் கிடைக்க வேண்டுமா என்பது இந்நகரில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். அதற்கு மக்கென்சியின் வாழ்வைவிடச் சிறந்த பாடம் இந்நகர வரலாற்றில் இல்லை என்பது எமது கருத்து. அவர் அடக்கப்பட்டவராகவும் இருந்தார். அதிகாரம் கைக்கு வந்தபோது பிறரை அடக்கியவராகவும் இருந்தார்.

நெசவாளியின் மைந்தன்

மக்கென்சி 1795 மார்ச் 12ஆம் நாள் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தார். நெசவாளியாகிய தந்தை, மகன் பிறந்து சில வாரங்களுக்குள்ளேயே இறந்தார். வறுமையிலும் தெய்வபக்தி மிக்க தாயின் கண்டிப்பிலும் வளர்ந்த சிறுவனுக்கு நூல்களே துணையாயின. இளமையில் தாம் வாசித்து முடித்த 950க்கும் மேற்பட்ட நூல்களின் பெயர்களை அவர் பட்டியலிட்டு வைத்திருந்தார். சிறு வணிகம் செய்து நொடித்த பின்னர் 1820இல் கப்பலேறிக் கனடாவை அடைந்தார். இன்று ஒன்ராறியோ என வழங்கும் மாகாணம் அக்காலத்தில் மேல் கனடா எனப்பட்டது. ரொறன்ரோவின் பெயரோ யோர்க். அங்கு புத்தகமும் மருந்தும் விற்று வாழ்வைத் தொடங்கிய அவர், 1822இல் இசபெல் பக்ஸ்ரர் என்னும் அம்மையாரை மணந்தார்.

அவர் வந்திறங்கிய மாகாணத்தை ஆண்டது ஒரு சிறு குழு. ஆளுநரின் சபையும், நீதிமன்றமும், நிலப் பங்கீடும், அரச திருச்சபையும் சில குடும்பங்களின் கையில் இருந்தன. குடும்பக் கூட்டு என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. அவர்களை எதிர்த்துப் பேசுவது எத்தகைய ஆபத்து என்பதை மற்றொரு ஸ்கொட்லாந்தியர் முன்னரே அனுபவித்திருந்தார். றொபேட் கூர்லே என்னும் அவர், மாகாணத்தின் வளர்ச்சி தடைப்பட்டிருப்பது ஏன் என்று ஊர் ஊராகக் கேள்விக்கொத்து அனுப்பினார். அவதூறு வழக்குகளில் யூரிகள் அவரை விடுதலை செய்தனர். அதன்பின் அரசு, 1804ஆம் ஆண்டின் இராசத்துரோகச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. புதிதாக வந்து குடியேறியோரின் சொல்லோ செயலோ அரசுக்கு எதிரானது என ஐயுற்றால் அவர்களை நாடுகடத்துவதற்கு இயற்றப்பட்ட சட்டம் அது. கூர்லே பல மாதங்கள் நயாகராச் சிறையில் வாடி, 1819இல் மாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். புகுந்த நாட்டில் புதியவனின் நாவைக் கட்டுவதற்கு நாடுகடத்தலே எளிய வழி என்பதை அரசுகள் அன்றே அறிந்திருந்தன.

பத்திரிகையும் கும்பலும்

1824 மே 18ஆம் நாள் குவீன்ஸ்ரன் என்னும் எல்லையோர ஊரிலிருந்து மக்கென்சி தமது பத்திரிகையை வெளியிட்டார். கொலனியல் அட்வகேற் என்பது அதன் பெயர். அவ்வாண்டின் இறுதியில் அச்சுக்கூடத்தை யோர்க்குக்கு மாற்றினார்.

அப்பத்திரிகை நாகரிகமான பத்திரிகை அன்று என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை. நிலக் கொள்ளையையும் பதவிப் பங்கீட்டையும் அம்பலப்படுத்திய அதே பேனா, ஆளும் குடும்பங்களின் பிறப்பையும் அவர்தம் பெண்களின் ஒழுக்கத்தையும்கூட இழித்துரைத்தது. 1826ஆம் ஆண்டின் இளவேனிலில் அவ்வசைகள் எல்லை மீறின. பண்பாளர் பலர் அவற்றை வாசித்து முகஞ்சுளித்தனர். ஆட்சியாளரின் பார்வையில் அவை அருவருப்பும் அபாயமும் ஒருங்கே கொண்டவை.

அவ்வாண்டு யூன் 8ஆம் நாள் மாலை, ஒளி மங்குமுன்னரே, ஆளும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் குழுவொன்று அவரது அச்சுக்கூடத்துட் புகுந்தது. சாமுவேல் ஜார்விஸ் என்பவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்களுட் சிலர் அரச சட்டவாதிகளின் அலுவலகங்களிற் சட்டம் பயின்றுகொண்டிருந்தோர். அச்சியந்திரத்தைச் சிதைத்து, கோத்து வைத்திருந்த எழுத்துகளைக் கொட்டி, பெட்டி பெட்டியாக ஏரியில் எறிந்தனர். நீதவான்கள் வேடிக்கை பார்த்து நின்றனர். எவர் மீதும் அரசு குற்ற வழக்குத் தொடுக்கவில்லை. ஜார்விஸ் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய வீதியில் இன்றும் நாம் நடந்து செல்கின்றோம்.

1981இல் யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் எரியூட்டப்பட்ட நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் எரிக்கப்பட்டதை அறிந்த எமக்கு, சட்டத்தின் காவலர் அருகில் நிற்கவே நடந்தேறும் இத்தகைய அழிவுகளைப் பற்றி எவரும் விளக்கம் தரத் தேவையில்லை.

ஆயினும் யோர்க்கில் விளைவு வேறாயிற்று. உண்மையில் அவ்வேளை மக்கென்சியின் பத்திரிகை கடனில் மூழ்கியிருந்தது. அவரே கடன்காரருக்கு அஞ்சி எல்லைக்கப்பால் இருந்தார். கும்பல் வராதிருந்தால் பத்திரிகை தானாகவே நின்றுபோயிருக்கக்கூடும். அவர் தொடுத்த குடியியல் வழக்கில் யூரிகள் 625 பவுண் நட்டஈடு வழங்கினர். அப்பணத்தைக் கொண்டு கடனை அடைத்து மீண்டும் அச்சியந்திரத்தை ஓட்டினார். வசைபாடும் பத்திரிகாசிரியர் ஒருவரை மக்கள் தலைவராக்கியவர்கள் அவரது எதிரிகளே. 1828இல் யோர்க் மாவட்ட மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர்.

வெளியேற்றப்பட்ட பிரதிநிதி

சபையிலும் அவர் அடங்கவில்லை. சபையையே இகழ்ந்து எழுதினார் என்னும் குற்றச்சாட்டில் 1831 டிசெம்பரில் உறுப்பினர்கள் அவரை வெளியேற்றினர். 1832 சனவரி 2ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் 119 வாக்குகள் அவருக்கு விழுந்தன. எதிராளிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. பனிச்சறுக்கு வண்டிகள் அணிவகுக்க, தங்கப் பதக்கம் சூட்டி, மக்கள் அவரை ஊர்வலமாக அழைத்து வந்தனர். சில நாட்களுள் சபை மீண்டும் வெளியேற்றியது. மக்கள் மீண்டும் தெரிந்தெடுத்தனர். இவ்வாறே இந்நாடகம் தொடர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஹமில்ரன் நகரில் அவர் குண்டர்களால் தாக்கப்பட்டார். அதன்பின் மக்களின் முறைப்பாடுகளைச் சுமந்து இலண்டன் சென்றார்.

ஒருவரின் கருத்து சகிக்க முடியாதது என்று கூறி அவரைத் தெரிந்த மக்களின் வாக்கையே செல்லாக்காசாக்கும் இவ்வுத்தி அன்றோடு முடியவில்லை. 1983 ஓகஸ்ட்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. தனிநாடு கோருவதை அது குற்றமாக்கிற்று. உறுப்பினர்கள் அதற்கெதிராகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டுமென்றும் விதித்தது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். கொழும்பின் பெரும்பான்மைக்கு அக்கருத்து வெறுக்கத்தக்கது. கருத்தைச் சபையிற் பேசும் வழி அடைக்கப்பட்டபின் நாட்டிற்கு நேர்ந்தது என்ன என்பதற்கு நாம் இங்கு வந்து சேர்ந்தமையே சான்று.

அதிகாரம் கைமாறியபோது

1834 மார்ச் 6ஆம் நாள் யோர்க் பட்டினம் ரொறன்ரோ மாநகரமாயிற்று. அம்மாத இறுதியில் மக்கென்சி அதன் முதலாவது நகரபிதாவானார். அவ்வாண்டு கொலரா பரவியபோது, நோயாளரைத் தாமே வண்டியிலேற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். தாமும் நோயுற்றுப் பிழைத்தார். இதனை நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

ஆயினும் அவ்வாண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. நகரபிதா நீதவானாகவும் இருந்து வழக்குகளை விசாரிப்பது அக்கால வழக்கம். குடிபோதைக் குற்றத்துக்காக முன்னே நிறுத்தப்பட்ட ஓர் ஏழைப் பெண் அவரை வாயாரத் திட்டினாள்; பாதணியையும் எறிந்தாள். மக்கென்சி அவளைத் தொழுமரத்திற் பூட்டி ஊரார் முன் நிறுத்தத் தீர்ப்பளித்தார். ஆளுநர்களையும் நீதியரசர்களையும் வாய்க்கு வந்தபடி எழுதிய மனிதர், தம்மை ஏசிய ஒரு பெண்ணுக்கு விதித்த தண்டனை இது. எதிரிகள் இதனை எளிதில் மறக்கவில்லை. மறுவருடம் நகரபிதா பதவி அவருக்குக் கிட்டவில்லை.

மக்கென்சியைச் சிறுமைப்படுத்தும் பொருட்டு நாம் இதனைக் குறிப்பிடவில்லை. தம் நாவின் உரிமைக்காகப் போராடிய ஒருவரே பிறர் நாவைக் கட்டும் கயிறு கையிற் கிடைத்தபோது அதனை உபயோகித்தார் எனின், அக்கயிற்றை எவர் கையிலே கொடுத்து நாம் நிம்மதியாக உறங்க முடியும்? அடக்கப்படும் கருத்து நல்லதா தீயதா என்பது ஒரு வினா. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது அதனிலும் பெரிய வினா.

சொல்லிலிருந்து ஆயுதத்திற்கு

1836ஆம் ஆண்டுத் தேர்தலில், ஆளுநர் சேர் பிரான்சிஸ் பொண்ட் ஹெட் வெளிப்படையாகவே களத்திலிறங்க, சீர்திருத்தவாதிகள் தோற்றனர். மக்கென்சி நம்பிக்கையிழந்தார். 1837 டிசெம்பரில் யங் வீதியில் மொன்ற்கொமறி விடுதியடியில் சில நூறு விவசாயிகள் திரண்டனர். பலரிடம் துவக்குக்கூட இல்லை. மக்கென்சி எதிராளி ஒருவரின் வீட்டுக்குத் தீ வைப்பித்தார். தபால் வண்டியைக் கொள்ளையிட்டார். இரு பக்கத்திலும் உயிர்கள் பலியாயின. 7ஆம் நாள் அரச படை சிறிது நேரத்தில் கூட்டத்தைச் சிதறடித்தது. அவரது தலைக்கு 1000 பவுண் விலை வைக்கப்பட்டது. அவரோ நயாகரா ஆற்றைக் கடந்து அமெரிக்காவைச் சென்றடைந்தார். அவரை நம்பி வந்த சாமுவேல் லௌன்ற், பீற்றர் மத்தியூஸ் ஆகிய இருவரும் 1838 ஏப்ரல் 12ஆம் நாள் ரொறன்ரோவிலே தூக்கிலிடப்பட்டனர்.

கருத்துக்குப் பாதுகாப்புக் கோருவோர் இவ்விடத்தில் ஒரு கோட்டைத் தெளிவாக வரைதல் வேண்டும். 1826இல் மக்கென்சி செய்தது வசை. 1837இல் செய்தது வன்முறை. முதலாவதற்கு மறுப்பும், அளவு மீறின் அவதூறு வழக்குமே போதியவை. இரண்டாவதைத் தண்டிக்காத அரசு உலகில் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே அடக்குமுறையாளரின் பழைய தந்திரம்.

மற்றொரு செய்தியையும் அகதிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பி மேல் கனடாவிற் புகலடைந்திருந்த கறுப்பின மக்கள், கிளர்ச்சிக்கு எதிராக அரச படையிற் சேர்ந்தனர். அமெரிக்கக் குடியரசைப் புகழ்ந்த மக்கென்சியின் வெற்றி தங்களை மீண்டும் அடிமைச் சந்தைக்கே அனுப்பிவிடும் என அஞ்சினர். அவர் சுதந்திரம் எனக் கருதியது அவர்களுக்குப் பேராபத்தாகத் தோன்றியது. ஒருவரது இலட்சியம் இன்னொருவருக்கு அருவருப்பாக இருப்பது இவ்வாறுதான்.

அகதி வாழ்வு

புகலிடமும் அவரை அன்போடு அணைத்துக்கொள்ளவில்லை. எல்லையோரத்தில் ஆயுதப் படை திரட்டி அமெரிக்காவின் நடுநிலைச் சட்டத்தை மீறினார் என 1839இல் அவருக்குப் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. றொசெஸ்ரர் சிறையில் ஓராண்டளவு இருந்தார். அக்காலத்திலேயே அவரைத் தனித்து வளர்த்த தாய் இறந்தார். விடுதலையான பின்னர் பத்திரிகைகள் தொடங்கி நட்டமடைந்தார். நியூயோர்க் சுங்கத்திணைக்களத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்தார். அங்கு கண்ட அரசியல்வாதிகளின் அந்தரங்கக் கடிதங்களை நூலாக வெளியிட்டுப் பெரும் கண்டனத்துக்கும் உள்ளானார். குடியரசு எனத் தூரத்திலிருந்து தாம் வணங்கிய நாட்டிலும் பணமும் பதவிவேட்டையும் ஆள்வதைக் கண்டு மனங்கசந்தார்.

1849இல் பொதுமன்னிப்புக் கிடைத்தது. மார்ச் மாதத்தில் ரொறன்ரோவுக்கு வந்து பார்த்தார். அவர் தங்கியிருந்த யங் வீதி வீட்டைக் கும்பலொன்று சூழ்ந்து, அவரது உருவப்பொம்மையை எரித்துக் கல்லெறிந்தது. ஆயினும் அடுத்த ஆண்டு குடும்பத்துடன் திரும்பினார். 1851இல் ஹல்டிமண்ட் தொகுதியில், குளோப் பத்திரிகையின் அதிபர் ஜோர்ஜ் பிறவுணையே தோற்கடித்துச் சபையேறினார். 1858இல் பதவி துறந்தார். நண்பர்கள் நிதி திரட்டிப் பொண்ட் வீதியில் வாங்கிக் கொடுத்த வீட்டில் 1861 ஓகஸ்ட் 28ஆம் நாள் காலமானார். மாநகரம் அவ்வீட்டை அருங்காட்சியகமாகப் பேணி வருகிறது. எம்மவர் பலர் வந்த புதிதிற் குடியிருந்த சென்ற் ஜேம்ஸ் ரவுணுக்கு அருகிலுள்ள நெக்ரொப்பொலிஸ் மயானத்தில் அவரும், தூக்கிலிடப்பட்ட அவரது தோழர் இருவரும் துயில்கின்றனர்.

அவருடைய மகளின் மைந்தர் மக்கென்சி கிங் பின்னாளிற் கனடாவின் பிரதமரானார். 1931இல் ரொறன்ரோவில் கம்யூனிஸ்ற் கட்சித் தலைவர்களைச் சிறைக்கனுப்ப உதவிய குற்றவியற் கோவையின் 98ஆம் பிரிவை, 1936இல் நீக்கியது அவரது அரசு. 1940இல் போர்க்கால ஒழுங்குவிதிகளின் கீழ் அதே கட்சியைத் தடைசெய்ததும் அவரது அரசே.

எமது காலத்து வினா

அம்மயானத்துக்குச் சிறிது தூரத்தில், கால்ரன் வீதியில், ஏர்ன்ஸ்ற் சூண்டெல் என்பவர் வசித்தார். ஜேர்மனியிலிருந்து 1958இல் குடிவந்த இவர், ஹிற்லரின் ஆட்சியில் யூதர்கள் கொன்றொழிக்கப்படவில்லை எனப் பொய்யுரைக்கும் பிரசுரங்களை வெளியிட்டார். இதனிலும் இழிந்த கருத்தைத் தேடிக் காண்பது அரிது. பொய்ச் செய்தி பரப்பியமைக்காக 1985இலும், மறுவிசாரணையில் 1988இலும் யூரிகள் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். 1992 ஓகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பிரிவில் அச்சட்டத்தையே செல்லாததாக்கிற்று. அச்சட்டத்தின் வேர் 1275ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்களை அவதூறிலிருந்து காக்க எழுந்த ஒரு விதியில் இருந்தது. அதே நீதிமன்றம் 1990இல், அல்பேட்டா ஆசிரியர் ஜேம்ஸ் கீக்ஸ்ராவின் வழக்கில், ஓர் இனத்தார்மீது வேண்டுமென்றே பகைமையை வளர்ப்பதைத் தடுக்கும் சட்டத்தை அதேபோல் நால்வருக்கு மூவராக ஏற்றுக்கொண்டது. அறிஞரிடையேயும் இவ்வினா சரிபாதியாகவே பிளவுண்டு நின்றது.

பெற்றோரையும் பிள்ளைகளையும் நச்சுவாயுக் கூடங்களில் இழந்து இந்நகருக்கு வந்த யூத முதியோர், அவை நடக்கவேயில்லை எனக் கேட்கும்போது படும் வேதனையை நாம் அறிவோம். 1983 யூலையில் நடந்ததை இல்லையென்பாரைக் கண்டு எமது நெஞ்சு எரியவில்லையா? ஆகவே, எல்லாம் வெறும் பேச்சுத்தானே என்று இலகுவாகச் சொல்லிவிட எம்மால் இயலாது. ஆயினும், வழக்குகள் அம்மனிதரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன என்பதையும் மறுக்க முடியாது. 1826இல் கும்பல் மக்கென்சிக்குச் செய்த உதவியை ஒத்தது அது.

அவரது கதை எவ்வாறு முடிந்தது என்பதே எமக்கு மிக முக்கியமானது. குடியுரிமை பெறாதிருந்த அவரை, 2003இல், இரகசியச் சாட்சியத்தை அனுமதிக்கும் பாதுகாப்புச் சான்றிதழின் கீழ் அடைத்து, 2005 மார்ச்சில் ஜேர்மனிக்கு நாடுகடத்தினர். அங்கு சிறைத்தண்டனை பெற்றார். பலர் மகிழ்ந்தனர். ஆனால் அதே சான்றிதழ் முறையினாலேயே 1995இல் ஈழத்தமிழ் அகதி ஒருவரும் ரொறன்ரோவிலே தடுத்து வைக்கப்பட்டார். 2002 சனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவரது நாடுகடத்தல் மீளாய்வுக்கு உட்பட்டது. 2007இல் அவ்விரகசிய நடைமுறையை அதே நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. கூர்லேக்கு 1819இல் செய்யப்பட்டதன் மறுவடிவம் இது. வெறுப்புக்குரியவனுக்கென வெட்டப்பட்ட குழியில் நல்லவனும் விழுவான். குடியுரிமையற்றவன் முதலில் விழுவான்.

அரசை மட்டும் குறை கூறி இதனை முடித்தல் நேர்மையாகாது. 1993இல் இந்நகரின் தமிழ்ப் பத்திரிகையாளர் ஒருவர் அடித்து நொறுக்கப்பட்டார். 1994இல் தேடகம் என்னும் தமிழர் அமைப்பின் நூலகம் இந்நகரிலேயே எரிக்கப்பட்டது. யாழ் நூலகத்துக்காகக் கண்ணீர் வடித்த ஒரு சமூகத்தின் நடுவிலே இது நடந்தது. அன்று எம்முள் எத்தனை பேர் வாய்திறந்து கண்டித்தோம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வெறுக்கத்தக்க கருத்துக்கு உரிமை வழங்குவது அக்கருத்தை மதிப்பதாகாது. அதனைப் பொய்யென்று நிறுவும் கடமையை எம்மீது சுமத்திக்கொள்வதாகும். கொல்லென்றும் கொளுத்தென்றும் ஏவுபவனைச் சட்டம் பிடிக்கட்டும். ஏனையோருக்கு எழுத்தால் எழுத்தே மறுமொழியாகட்டும். மக்கென்சியின் எழுத்துகளை ஏரியில் எறிந்தோர் அவர் எழுதியதில் ஒரு வரியையேனும் பொய்யென்று நிறுவவில்லை. அவ்வசைகளில் மறுக்கத்தக்கவை பல இருந்தும், மறுக்கும் வேலையை விட்டு உடைக்கும் வேலையை மேற்கொண்டனர். அதனாலேயே தோற்றனர். இந்நகரில் நாம் புதிதாகப் பெற்றுள்ள உரிமைகளுள் இதுவும் ஒன்று. எமக்குப் பிடியாதவனுக்கு அதனை மறுக்கும் நாளிலே, எமக்கும் அது இல்லாது போகும்.